அதிமதுரக் காபி

மெட்ராஸ் சென்னையான சமயம் அது. அடையாறில் ஒரு பழைய வீட்டின் கீழ்த்தளத்தை ஆய்வுக்கூடமாக மாற்றியிருந்த சின்ன உணவுக் கம்பெனியில் நான் வேலை பார்த்தேன். வேதியியலில் எம்.எஸ்ஸி. முதல் வகுப்பு. இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அந்த நாட்களில் இதை நான் யாரிடமும் சொல்லாமல் இருந்ததில்லை. காய்கறிக்காரம்மா தராசைப் பிடிக்கும்போதுகூட எம்.எஸ்ஸி. படித்த முகத்தோடுதான் நிற்பேன்.

கம்பெனியின் கனவு எளிமையானது. சர்க்கரை வியாதிக்காரர்களுக்கும், உடம்பு இளைக்க ஆசைப்படுகிறவர்களுக்கும் பாயச மிக்ஸ், கேசரி மிக்ஸ், பானப் பொடி என்று தயாரித்து விற்க வேண்டும். சர்க்கரை கொஞ்சமே இருக்க வேண்டும், தித்திப்பு குறையக் கூடாது. சாக்கரின் மாத்திரை மேல் ஜனங்களுக்கு ஒரு பயம் வந்திருந்த காலம். "செடியிலேர்ந்து எடுத்ததுன்னு போட்டா யாரும் கேள்வி கேக்க மாட்டா" என்பார் முதலாளி. ரொம்பச் சரியாகச் சொன்னார். நானே கேட்கவில்லை.

சீனித்துளசி இலையைப் பற்றி அப்போதுதான் இங்கே பேச ஆரம்பித்திருந்தார்கள். ஒரு சின்னப் பை காய்ந்த இலை யாரோ தெரிந்தவர் மூலம் வந்தது. அது தீர்ந்த பிறகு எங்கே கேட்டும் கிடைக்கவில்லை. ஆகவே அதிமதுரத்துக்கு வந்து சேர்ந்தோம். அந்த வேரிலிருந்து எடுத்த சத்து பழுப்புப் பொடியாக டின்னில் வரும். தனியாக நாக்கில் வைத்தால் முதலில் ஒன்றும் தெரியாது. அப்புறம் மெல்ல வரும், வந்தால் போகாது. நேரம் கழித்து வந்து, சாப்பாடு ஆன பிறகும் கிளம்பாத விருந்தாளி மாதிரி. ஆனால் ஒரு ஸ்பூன் சர்க்கரையோடு ஒரு சிட்டிகை சேர்த்தால் அந்த ஒரு ஸ்பூன் நாலு ஸ்பூனாகத் தித்திக்கும். அந்தச் சிட்டிகையின் அளவைக் கண்டுபிடிப்பதுதான் என் வேலை.

வீடு மயிலாப்பூரில், மாட வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில். நான், என் கணவர், அவருடைய அக்கா, மூன்று பேர். மாமியார் மாமனார் இல்லை. அந்த வீட்டுக்கு எல்லாமே அக்காதான். கல்யாணம் செய்துகொள்ளாமல் தம்பியை வளர்த்துப் படிக்கவைத்தவர். பாட்டு வாத்தியார். மாலை நாலரைக்குக் கூடம் நிறையக் குழந்தைகள். எனக்கு நாத்தனார், ஆனால் நாத்தனார் என்றதும் உங்களுக்கு என்ன தோன்றுகிறதோ அது எதுவும் அவரிடம் இல்லை. நான் வேலைக்குப் போவதற்கு முதல் ஆதரவு அவர்தான். "படிச்சுட்டு ஆத்துல உக்காந்து என்ன பண்ணப்போறே? போய்ட்டு வா, சமையலை நான் பாத்துக்கறேன்" என்றார். எனக்கு என் சொந்த அக்காவைவிட அவரைப் பிடிக்கும்.

அவருக்குச் சர்க்கரை வியாதி. அதைவிடப் பெரிய வியாதி தித்திப்பு ஆசை. ஒரு நாள் நான் சீக்கிரம் வீடு திரும்பியபோது சமையலறையில் சர்க்கரை டப்பாவைத் திறந்துவைத்துக்கொண்டு, விரலை நனைத்துத் தொட்டு நக்கிக்கொண்டிருந்தார். ஐம்பத்திரண்டு வயது மனுஷி. என்னைப் பார்த்ததும் டப்பாவை மூடிவிட்டு, "எறும்பு வந்திருக்கான்னு பாத்தேன்" என்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணிலும் ஏதோ வந்தது. மாத்திரை போட்ட காபியை அவர் குடிப்பதைப் பார்க்க வேண்டுமே. "வாயெல்லாம் தகரம்டி" என்று முகத்தைச் சுளிப்பார்.

மறுநாள் ஒரு பழைய ஜாம் பாட்டிலில் அந்தப் பொடியை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ஆய்வுக்கூடத்தில் அளவு பார்த்த கை, வீட்டில் பார்க்கவில்லை. ஆய்வுக்கூடத்தில் மில்லிகிராம், வீட்டில் காபி ஸ்பூன். காபியின் நிறத்தில் பொடியின் பழுப்பு தெரியவில்லை. அக்கா ஒரு வாய் குடித்தார். நிறுத்தினார். இன்னொரு வாய்.

"என்னடி இது? சக்கரை போட்டுட்டியா?"

"இல்லக்கா. அதிமதுரத்துலேர்ந்து எடுத்தது. உங்களுக்கு ஒண்ணும் பண்ணாது."

"அதிமதுரமா! தொண்டைக்கும் நல்லதாச்சே!" என்று அவர் சிரித்த சிரிப்பில் நான் ஆகாயத்தில் பறந்தேன். உங்களுக்கு ஒண்ணும் பண்ணாது. இதைச் சொன்னது நான்தான், வேறு யாரும் இல்லை.

பாடுகிறவர்கள் வீட்டில் அதிமதுரம் என்றால் உப்பு புளி மாதிரி. மருந்து டப்பாவில் இருக்காது, சுருதிப் பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கும். ஒரு துண்டைக் கடைவாயில் ஒதுக்கிக்கொண்டுதான் அக்கா குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுப்பார். அவருடைய குருவும் அப்படித்தானாம். தலைமுறை தலைமுறையாக வாயில் கிடக்கிற வேர் யாரை என்ன செய்துவிடும்? இதுதான் என் கணக்கு. அறிவியலும் சொல்கிறது, சம்பிரதாயமும் சொல்கிறது, இரண்டும் ஒன்றாகத் தலையாட்டும்போது எதற்கு யோசிக்க வேண்டும்?

நான் காலையில் கிளம்பும் முன் காபி கலந்து ஃபிளாஸ்கில் ஊற்றிவைத்துவிட்டுப் போவேன். காலையில் இரண்டு, பதினோரு மணிக்கு ஒன்று, மூன்று மணிக்கு ஒன்று. வெள்ளிக்கிழமை பாயசம். அக்காவின் ரத்தத்தில் சர்க்கரை குறைந்தது. டாக்டர் பாராட்டினார். நான் கம்பெனியில் முதலாளியிடம் பெருமை அடித்துக்கொண்டேன்.

நவராத்திரி சமயத்தில் அக்காவின் செருப்பு அவர் காலில் நுழையவில்லை. கால் வீங்கியிருந்தது. கொலுப்படி ஏற்றி இறக்கியதில் வந்த வீக்கம் என்றோம். தீபாவளிக்கு முன்னால் தலைவலி என்று டாக்டரிடம் போனபோது ரத்த அழுத்தம் எக்கச்சக்கமாக இருந்தது. அதுவரை அவருக்கு அந்த வியாதியே கிடையாது. டாக்டர் வயதானவர், நிதானமானவர், கேட்க வேண்டியதைக் கேட்டார்.

"வேற ஏதாவது மருந்து சாப்பிடறேளா? நாட்டு மருந்து, லேகியம், கஷாயம்?"

அக்கா வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். "லேகியம் பக்கமே போக மாட்டோம் டாக்டர். நான் கெமிஸ்ட்ரி எம்.எஸ்ஸி."

இன்றைக்கும் பல் தேய்க்கும்போது, பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும்போது, சம்பந்தமே இல்லாமல் அந்த வாக்கியம் என் காதில் விழும். கன்னத்தில் அறைந்துகொள்ளலாம் போல இருக்கும். பொய் சொல்ல வேண்டும் என்று சொல்லவில்லை. அதிமதுரம் எங்களுக்கு மருந்து இல்லை, அவ்வளவுதான். பெருங்காயம் சாப்பிடுகிறீர்களா என்று கேட்டிருந்தால் அதற்கும் யோசித்துத்தான் பதில் சொல்லியிருப்போம். டாக்டர் வீக்கம் வடிய நீர் பிரியும் மாத்திரை எழுதிக்கொடுத்தார்.

மார்கழிக்குக் குழந்தைகளைத் தயார் செய்துகொண்டிருந்தார் அக்கா. சின்னக் கோயில் ஒன்றில் கூட்டாகப் பாடவைக்க வேண்டும். வகுப்பு அதிகமானது, கடைவாய்த் துண்டும் அதிகமானது. தாளம் போடும் கை நடுவில் நின்றுவிடுகிறது என்றார். "வயசாயிடுத்து" என்றார். மூன்று மாதத்துக்கு முன் ஒரே மூச்சில் கபாலீஸ்வரர் கோயில் குளத்தைச் சுற்றிவந்தவர். மாடிப்படி ஏறக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். நான் என்ன செய்தேன்? பாவம் களைத்துப்போகிறார் என்று பதினோரு மணிக் காபியில் இன்னும் கொஞ்சம் தித்திப்பைக் கூட்டினேன்.

ஒரு சாயங்காலம் வகுப்பு முடிந்து எழுந்திருக்கப் போனவர் அப்படியே சரிந்துவிட்டார். குழந்தைகள் அலறிக்கொண்டு தெருவுக்கு ஓடின. ஆஸ்பத்திரியில் ரத்தத்தில் பொட்டாசியம் அடிமட்டத்தில் இருக்கிறது, இதயத் துடிப்பே தடுமாறுகிறது என்றார்கள். என் கணவர் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவருக்கு அம்மாவும் அப்பாவும் அக்காதான். ஒரு வாரம் நரம்பில் மருந்து ஏற்றினார்கள். எழுந்து உட்கார்ந்தார், நடந்தார், அழுத்தமும் இறங்கியது. எதனால் வந்தது என்று யாருக்கும் நிச்சயமாகச் சொல்லத் தெரியவில்லை. நீர் பிரியும் மாத்திரையால் இருக்கலாம் என்று அதை நிறுத்தினார்கள்.

ஆஸ்பத்திரியில் அந்த ஒரு வாரமும் அவர் குடித்தது அங்கே கொடுத்த வெறும் பாலும் கஞ்சியும். என் கண்ணெதிரேதான் அவர் தேறினார். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. வீட்டுக்கு வந்த அன்று, ஒரு வாரம் வாய் செத்துக் கிடந்தாரே என்று பாயசம் வைத்தேன். ஜாம் பாட்டிலில் மிச்சம் இருந்ததை வழித்துப் போட்டேன். மறுநாள் கம்பெனியிலிருந்து புதிதாக நிரப்பிக்கொண்டு வந்தேன்.

அதற்குப் பிறகு மூன்று வாரம் இருக்கும், பொங்கலை ஒட்டிய ஒரு நாள். மதியச் சாப்பாடு முடிந்து முதலாளி என் மேஜைக்கு வந்தார். பாயச மிக்ஸ் பாக்கெட் அச்சுக்குப் போகப்போகிறது. பாக்கெட்டின் பின்பக்கம் போட வேண்டிய விவரங்களைத் தமிழில் எழுதித் தர வேண்டும். பொடியை அனுப்பிய வடநாட்டுக் கம்பெனி டின்னோடு வைத்திருந்த நாலு பக்கத் தாளைக் கொடுத்தார். எனக்கு மனப்பாடமான தாள். அதன் முதல் பக்கத்தை, தித்திப்பைப் பற்றிய பக்கத்தை, நான் நூறு தடவை படித்திருப்பேன். எத்தனை மடங்கு தித்திப்பு, எதில் கரையும், எந்தச் சூட்டைத் தாங்கும். மற்ற பக்கங்களைப் படித்ததே இல்லை. அவை கிடங்கில் எப்படி வைக்க வேண்டும் என்பது மாதிரியான சமாசாரம் என்று நினைத்திருந்தேன். அன்றைக்கு மொழிபெயர்க்க வேண்டியிருந்ததால் மூன்றாம் பக்கத்தைத் திருப்பினேன்.

எச்சரிக்கை என்று ஒரு சின்னப் பத்தி. நாளொன்றுக்கு இந்த அளவுக்கு மேல் கூடாது. தொடர்ந்து மிகுதியாக உட்கொண்டால், என்று ஆரம்பித்தது. நான் பேனாவால் தமிழில் எழுதிக்கொண்டே போனேன். கால் வீக்கம். ரத்த அழுத்தம் கூடுதல். ரத்தத்தில் பொட்டாசியம் குறைதல். தசைகள் தளர்தல். இதயத் துடிப்பு…

அந்த இடத்தில் என் பேனா நின்றது. எங்கள் வீட்டில் நடந்ததை யாரோ பக்கத்தில் நின்று பார்த்து வரிசையாக எழுதியது போல இருந்தது. காது அடைத்துவிட்டது. முதலாளி ஏதோ கேட்கிறார், வாய் அசைவது மட்டும் தெரிகிறது. நானா? நானா இதைச் செய்தேன்? வேறு யாரோ செய்ததைப் பார்த்து அதிர்ச்சி அடைவது ஒரு மாதிரி. நம் கையே இன்னொருவர் கழுத்தில் இருந்திருக்கிறது என்று திடீரென்று தெரிவது அப்படி இல்லை. அதற்கு அழுகைகூட வரவில்லை.

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். இரண்டரை. வீட்டில் ஃபிளாஸ்கில் மூன்று மணிக் காபி இருக்கிறது. நான் கலந்துவைத்துவிட்டு வந்த காபி.

முதலாளியின் மேஜைக்கு ஓடி வீட்டுக்கு ஃபோன் செய்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. மறுபடி செய்தேன். மறுபடியும். பையைக்கூட எடுக்காமல் தெருவுக்கு ஓடி, முதலில் வந்த ஆட்டோவில் ஏறினேன்.

"இன்னாமா, ஊட்ல யாருக்குனா உடம்பு சரியில்லியா?" என்றார் ஆட்டோக்காரர், கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்து.

"சீக்கிரம் போங்க."

"போய்க்கினு தானேமா கீறேன். பாலத்து மேல பஸ்ஸு நின்னுக்கினு கீது, நா இன்னா பறந்தா போவ முடியும்?"

திரு.வி.க. பாலத்தின் மேல் அந்தப் பஸ் செத்த மாடு மாதிரி நின்றது. நான் ஆட்டோவுக்குள் உட்கார்ந்து, குடிக்காதீங்கக்கா, குடிக்காதீங்கக்கா என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டிருந்தேன். ஆட்டோக்காரர் ஹாரனை அமுக்கியபடி ஓரமாக நுழைந்து, மந்தைவெளி வழியாக எங்கள் சந்துக்குக் கொண்டுவந்துவிட்டார்.

வீட்டுக் கதவு திறந்தே இருந்தது. அக்கா கூடத்தில் சுவரில் சாய்ந்து கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஃபிளாஸ்க். தம்ளர் காலி.

"ஃபோன் அடிச்சுண்டே இருந்துதுடி," என்றார். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "எழுந்துக்கவே முடியலை. அதான் காபியைக் குடிச்சுட்டுத் தெம்பா எழுந்துக்கலாம்னு…"

அதற்கு மேல் என்னால் கேட்க முடியவில்லை. வாசலில் நின்ற அதே ஆட்டோவில், ஆட்டோக்காரரும் நானுமாக அவரைத் தூக்கி ஏற்றினோம்.

ஆஸ்பத்திரியில் பழைய ஃபைலை எடுத்து, "மறுபடியுமா?" என்றார் போன தடவை பார்த்த டாக்டரம்மா. என் வயதுதான் இருக்கும். என் கணவரும் அலுவலகத்திலிருந்து வந்துவிட்டார். அவர் முன்னாலேயே எல்லாவற்றையும் சொன்னேன். பொடி, காபி ஸ்பூன், நாளுக்கு எத்தனை தம்ளர், கடைவாயில் ஒதுக்கும் துண்டு, பாயசம், மூன்றாம் பக்கம். டாக்டரம்மா எழுதிக்கொண்டே வந்தவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"நீங்க படிச்சவங்கதானே?"

அது ஒன்றுதான் கேட்டார். என் கணவர் என் பக்கம் திரும்பவே இல்லை. சுவரில் ஒட்டியிருந்த ஏதோ விளம்பரத்தைப் படித்துக்கொண்டிருந்தார். அவர் ஒரு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

இரண்டு நாள் இழுபறி. மூன்றாம் நாள் துடிப்பு சீரானது. அந்த வேரின் வேலை உடம்பைவிட்டுப் போகச் சில வாரம் ஆகும், ஆனால் போய்விடும், பயப்பட வேண்டாம் என்றார்கள். நான் அக்காவின் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, "நான்தான்க்கா. நான் குடுத்ததுதான் உங்களை இப்படிப் பண்ணிடுத்து" என்றேன்.

அவர் புரியாமல் பார்த்தார். "அதிமதுரமா?" என்றார். "அது எப்படிடி பண்ணும்? எங்க வாத்தியார் எண்பது வயசு வரைக்கும் வாயில போட்டுண்டு இருந்தாரே."

"அவர் ஒரு துண்டு மென்னார். நான் உங்களுக்கு அதைப் படி படியாப் போட்டிருக்கேன்."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். "எனக்குத் தித்திப்பு வேணும்னுதானே பண்ணினே. விடு," என்றார். என் கையைத் தட்டிக்கொடுத்தார். நான் அப்போதுதான் அழுதேன்.

விஷயம் தெரிந்தவர்கள் எல்லாரும் ஒரே பழமொழியைச் சொன்னார்கள். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு. மேல் வீட்டு மாமா, பால் பூத்து மாமி, என் அம்மா, எல்லாரும். கேட்டுக் கேட்டு எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அளவை மிஞ்சக் கூடாது என்பது யாருக்குத்தான் தெரியாது? அளவே என் தொழில். நான் படிக்காமல் விட்டது ஒரு பக்கம்.

வேலையை விடவில்லை. எச்சரிக்கையைப் பாக்கெட்டின் முன்பக்கம் பெரிய எழுத்தில் போடும் வரை முதலாளியோடு சண்டை போட்டேன். போட்டார். ஆனால் பாயச மிக்ஸ் போணியாகவில்லை. வாயிலிருந்து அந்தத் தித்திப்பு போகவே மாட்டேன் என்கிறது என்று வாங்கினவர்கள் சொன்னார்கள்.

அக்கா தேறினார். கோடை வருவதற்குள் வகுப்பு மறுபடி ஆரம்பமானது. கடைவாய்த் துண்டை விட்டுவிட்டார்; குரல் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. காபியை எதுவும் போடாமல் கசக்கக் கசக்கக் குடிக்கப் பழகிக்கொண்டார். அப்போது புதிதாக ஒரு வழக்கம் வந்தது. காலையில் நான் காபியைக் கொண்டுபோய் வைத்ததும், பாதியை டவராவில் ஊற்றி என் பக்கம் நகர்த்துவார். "நீயும் குடி" என்பார். எனக்கு நெஞ்சு நிறைந்துபோகும். இத்தனை நடந்த பிறகும் என்னோடு பங்கு போட்டுக் குடிக்கிறாரே என்று. என் அம்மாவிடம் இதைச் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறேன். ஒரு வருஷத்துக்கு மேல் தினமும் அப்படித்தான் இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து குடித்தோம்.

பிறகு நான் உண்டானேன். அவர் பட்ட சந்தோஷத்துக்கு அளவில்லை. என்னைக் குனிய விடமாட்டார், குடம் தூக்க விடமாட்டார். ஐந்தாம் மாதம் ரத்தப் பரிசோதனைக்கு வெறும் வயிற்றோடு வரச் சொல்லியிருந்தார்கள். அன்று காலை அவருக்கு மட்டும் காபி கலந்து கொண்டுபோய் வைத்தேன். வழக்கம் போலப் பாதியை டவராவில் ஊற்றி நகர்த்தினார்.

"இன்னிக்கு எனக்கு வேண்டாம்க்கா. டெஸ்டுக்குப் போகணும், வெறும் வயித்தோட வரச் சொல்லியிருக்கா."

"ஓ, சரி சரி," என்றார். "பத்திரமாப் போய்ட்டு வா."

நான் தலை வாரிப் பின்னிக்கொண்டு வந்தேன். காபி அப்படியே இருந்தது. புடவை மாற்றிக்கொண்டு வந்தேன். தம்ளரில் ஆடை படிந்திருந்தது. அக்கா பக்கத்தில் செய்தித்தாளைப் பிரித்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காலையில் ஆவி பறக்கக் காபி இல்லையென்றால் ஒரு வேலையும் ஓடாது அவருக்கு.

"ஆறிப்போறதேக்கா, குடிக்கலையா?"

"குடிக்கறேன், குடிக்கறேன்," என்றார். ஆனால் கை தம்ளர் பக்கம் போகவில்லை. என்னை நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஒரு வருஷமாக நான் பாசம் என்று நினைத்துக் குடித்தது பாசம் இல்லை. நான் முதலில் குடிக்கிறேனா என்று பார்த்துவிட்டுத்தான் அவர் குடித்திருக்கிறார். தினமும். என்னைத் திட்டாத, என்னை மன்னித்த, என் வயிற்றுப் பிள்ளைக்கு இப்போதே பாட்டு முணுமுணுக்கிற அதே மனுஷி. வேண்டுமென்று செய்தார் என்று நான் நினைக்கவில்லை. அவருக்கே அது தெரிந்திருக்குமா என்பதுகூட எனக்குத் தெரியாது. எனக்கு மறுபடியும் காது அடைத்தது.

நான் எதிரே உட்கார்ந்தேன். டெஸ்டை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்றேன். டவராவை எடுத்து, ஆறிப்போன அந்தக் கசப்பை ஒரே மடக்கில் குடித்தேன். காலி டவராவைக் கீழே வைத்தேன். அதன் பிறகுதான் அக்கா தம்ளரைக் கையில் எடுத்தார்.